கனிம மணலில் முதல் கேள்வி

கார்னெட், இல்மனைட் போன்ற கனமான கனிமங்கள் கலந்த மணலைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் கனிம மணல் திட்டம் என்றாலே மொத்த இருப்பு எத்தனை டன் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது மணல் மணியின் அளவை. துளையிட்டு எடுத்த மாதிரியைத் தட்டில் இட்டு நீரில் அலசும்போது, அடர்த்தி 2.65 மட்டுமே உள்ள குவார்ட்ஸ் வழிந்தோட, 4-ஐ ஒட்டிய கார்னெட் இளஞ்சிவப்புக் கோடாகவும், அதைவிடக் கனமான இல்மனைட் கருங்கோடாகவும் தங்கிவிடும். அந்த இளஞ்சிவப்பு மணிகள் நீர்த்தாரை வெட்டுக்கு (உயர் அழுத்த நீருடன் மணிகளைப் பாய்ச்சி உலோகம், கல் போன்றவற்றை அறுப்பது) உகந்த 80 மெஷ் அளவில் (அங்குலத்துக்கு 80 கண் கொண்ட சல்லடையின் அளவு) இருந்தால் நல்ல விலை. வெறும் பொடியாக இருந்தால், இருப்பு எவ்வளவு பெரிதாயினும் கணக்கு உதைக்கும்.

பிரிப்பது ஓரளவு எளிது: சுருள் பிரிப்பான் (மணல் கலந்த நீர் சுழன்றிறங்கும் சரிவு) லேசான மணலைக் கழிக்கும், காந்தம் முதலில் இல்மனைட்டையும், வலுவைக் கூட்டினால் கார்னெட்டையும் இழுக்கும், எஞ்சும் ரூட்டைல் என்ற டைட்டானியம் கனிமத்தையும் சிர்கான் என்ற சிர்கோனியம் கனிமத்தையும் மின்கடத்துதிறன் பிரித்துவிடும் (ரூட்டைல் கடத்தும், சிர்கான் கடத்தாது). தோரியம் கொண்ட மோனசைட் சிறிதளவு கலந்திருந்தாலும், கதிரியக்கக் கண்காணிப்பின் செலவை முதல் நாளிலிருந்தே கணக்கில் சேர்த்தாக வேண்டும். மேல்மண்ணைத் தனியே காத்து, குழியைக் கழிவு மணலால் நிரப்பி, அதன்மேல் மீண்டும் பரப்பும் வேலையைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் திட்ட அறிக்கையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.