சொன்னதைத்தானே எழுதினான்

"நீங்க சொன்னதத்தான டீச்சர் எழுதுனேன்."

மூன்றாம் வகுப்பு, பத்துச் சொல், சொல்வதை எழுதுதல். அவன் நோட்டில் ஐந்து சிவப்பு வட்டம்: வாளைப்பளம், மளை, கிளமை, உளவன், பரவை. நோட்டை வாங்கிக்கொண்டு போகாமல் மேசைப் பக்கத்திலேயே நின்று இதைச் சொன்னான். எதிர்த்துப் பேசும் தொனி இல்லை. கணக்கு இடிக்கிறதே என்கிற குழப்பம்தான்.

"புத்தகத்துல எப்டி இருக்குன்னு பாத்து எழுதுப்பா" என்று அனுப்பிவிட்டேன். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் போட்டு வைத்திருக்கும் விதியே "எப்படிக் கேக்குதோ அப்படி எழுது" என்பதுதானே. ட, ப, ம என்று வரைய எளிதான எழுத்தில் தொடங்கி, படம், பட்டம், மடம் என்று சொல் கட்டி, பிறகு கால், கொக்கி, கொம்பு என்று குறிகளுக்கு வருகிறோம். பிள்ளைகள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடம் 'கொ'. கண்ணுக்கு முதலில் கொம்பு, வாய்க்கு முதலில் க. கடைசியில் நிற்கும் காலை விட்டுவிட்டு 'கொடி'யைக் 'கெடி' என்று படிப்பார்கள். அந்தக் கட்டத்தை எல்லாம் இவன் தாண்டிவிட்டான். 'படம்' என்னும்போது ஒரு ப, 'கம்பம்' என்னும்போது வேறொரு ப. எழுத்து ஒன்றுதான் என்று யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டவன். காதை நம்பி எழுதக் கற்றவன். அந்தக் காதில் நான் போட்டது 'பளம்'.

போட்டேனா என்பதில் எனக்கே முதலில் சந்தேகம். வீட்டுக்குப் போய் போனில் பதிவு செய்து கேட்டேன். மெதுவாகச் சொன்னால் ழ வருகிறது. நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடாமல் வளைந்து நிற்கிறது. நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னால் தொட்டுவிடுகிறது, ள ஆகிவிடுகிறது. எங்கள் பக்கம் பலருக்கும் இதுதான் நிலைமை. வடக்கே போனால் சிலர் வாயில் அதே ழ, ய ஆகி 'வாயப்பயம்' என்று வரும். அதற்காக என்னை நானே மன்னித்துக்கொள்ளலாமா, தெரியவில்லை.

அதே நாளில் இன்னொரு பிள்ளைக்கும் பத்துக்கு ஐந்து. அவள் எழுதியது: மழைக்கு 'மலை', மரத்துக்கு 'மர', கிழமைக்கு 'கிழம', காற்றுக்குக் 'காறு', தவளைக்குத் 'தவலை'. மதிப்பெண் ஒன்று, நோய் வேறு. அவளுக்கு ஒலி பிரித்துக் கேட்பதில் சிக்கல். முடிகிற 'ம்' காதில் விழவில்லை, இரட்டித்த ற் விழவில்லை. அவளுக்கு வேண்டியது இன்னும் ஒலிப்பயிற்சி: கைதட்டி அசை பிரித்தல், கடைசி ஒலி என்ன என்று கேட்டுக் கேட்டுப் பழக்குதல். இவனுக்கு அதை எத்தனை முறை செய்தாலும் 'பளம்' மாறாது. ஏற்கெனவே சரியாகத்தான் கேட்கிறான். இவனுக்கு வேலை கண்ணில். மழை, பழம், கிழமை, தமிழ், வாழை, உழவன் என்று அடிக்கடி வரும் ழ சொற்களைப் பெரிய எழுத்தில் சுவரின் தாழ்ந்த பகுதியில் ஒட்டி, வாரத்துக்கு ஐந்தைப் பார்த்து, மூடி, எழுதி, திறந்து சரிபார்க்க வைக்க வேண்டும். இருவரையும் 'மொட்டு' என்கிற நடு நிலையில் ஒன்றாக உட்காரவைத்து ஒரே தாளைக் கொடுத்தேன். பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்தது போதும் என்று நினைத்துவிட்டேன்.

செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. பிழை கண்டதும் நமக்குக் கை துறுதுறுக்கும்: மரம்–மறம், அரை–அறை, வாளை–வாழை என்று மயங்கொலிப் பட்டியலைக் கரும்பலகையில் ஏற்றிவிடுவோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'மறம்' என்றால் என்ன தெரியும்? மரத்தை ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவனும் அடுத்த நாள் 'மறம்' என்று எழுதுவான். ஒன்று நன்றாகக் கண்ணில் பதிந்தபிறகுதான் அடுத்ததைக் காட்ட வேண்டும். சேர்த்துக் காட்டினால் சேர்ந்தே குழம்பும். ண் வந்தால் பின்னால் ட, ன் வந்தால் பின்னால் ற, ழ சொல்லின் முதலில் வராது என்கிற இலக்கணமெல்லாம் ஐந்தாம் வகுப்பில் உதவும். மூன்றில் சுமை.

சொந்தமாக எழுதும்போது 'பளம்' என்று எழுதினால் விட்டுவிடலாமா என்று உடன் பணிபுரியும் அக்காவிடம் கேட்டேன். "விட்டா அதுவே கையில படிஞ்சிரும்மா" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வட்டம் போட்ட மறுவாரம் 'எனக்குப் பிடித்த பழம்' என்று நாலு வரி எழுதச் சொன்னபோது இவன் கொய்யாவை எழுதினான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. தலைப்பைப் பலகையைப் பார்த்து எழுதியதோடு சரி, நாலு வரியிலும் 'பழம்' என்ற சொல்லே இல்லை. வட்டத்துக்குப் பயந்து சுற்றிப்போனானா, நிஜமாகவே கொய்யாதான் பிடிக்குமா? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இப்போது இரண்டு குறி வைத்திருக்கிறேன். காது தவறினால் வட்டம். காது சரி, எழுத்து வேறு என்றால் அடியில் அலைக்கோடு. அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. சொல்வதை எழுதுதலில் ழ வரும் சொல்லை ஒருமுறை இயல்பாகவும் ஒருமுறை நாக்கை வளைத்து நிறுத்தியும் சொல்கிறேன். இது சரியா என்பதிலும் முழு நிச்சயம் இல்லை. தனியாக உட்கார்ந்து எழுதும்போது அவன் மனத்துக்குள் யார் நாக்கை வளைத்துச் சொல்வார்கள்?

போன வாரம் அவன் 'வாழைப்பழம்' என்று சரியாக எழுதியிருந்தான். மூன்று வரி தள்ளி, இதுவரை ஒருமுறைகூடத் தப்பாக எழுதாத தவளையை 'தவழை' என்று எழுதியிருந்தான். வட்டமா, அலைக்கோடா என்று பேனாவை வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டுமே அதற்குப் பொருந்தவில்லை.