லீஃப்லெட் டைப்புகளைத் திருத்திய அனுபவம்

கடலூரில் சின்னக் குழுவாகப் புயல் பாதுகாப்பு மையங்களுக்கான வரைபடம் ஒன்றைச் செய்துவருகிறோம். அடியில் இருப்பது லீஃப்லெட், இணைய வரைபடத்துக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அதன் ஒவ்வொரு ஃபங்ஷனும் எதை வாங்கும், எதைத் தரும் என்று சொல்லும் டைப்புகளை எங்கள் தேவைக்கு ஒரு டைப்ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதியிருந்தோம். அதில் பாதி இடம் 'எனி' (எதுவும் வரலாம்), மீதியில் பல இடங்களில் தப்பான டைப். இரண்டாவதுதான் ஆபத்து. 'எனி' என்றால் நாமே பார்த்து நடப்போம். தப்பான டைப்பை, நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் சரி என்று சொல்லிவிடும், நாமும் நம்பிவிடுவோம்.

எதைத் திருத்தினாலும் லீஃப்லெட்டின் மூல நிரலைத் திறந்து பார்த்துவிட்டே திருத்தினோம். மார்க்கரின், அதாவது வரைபடக் குறியின், 'கெட்பாப்அப்' எப்போதும் ஒரு பாப்அப்பை (குறியோடு திறக்கும் சின்னப் பெட்டி) தரும் என்று எங்கள் கோப்பு சொன்னது. பாப்அப் இணைக்காத மார்க்கரில் வருவது 'அன்டிஃபைன்ட்', அதாவது எதுவும் இல்லை. அதைச் சேர்த்ததும் எங்கள் நிரல் முழுக்கப் பிழை காட்டும் சிவப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் பார்க்கவேண்டிய இடம்தான். நிகழ்வுகளைக் கவனிக்கும் 'ஆன்' ஃபங்ஷனுக்கு ஓவர்லோடு (நிகழ்வுக்கு ஏற்பத் தனித்தனி டைப்) போட்டோம்: 'கிளிக்' நிகழ்வில் இடப்புள்ளி உண்டு, 'ஜூம்எண்ட்' நிகழ்வில் கிடையாது.

அதிக நேரம் எடுத்தது ஆயத்தொலைவு. "அண்ணா, தேவனாம்பட்டினம் மேப்லயே இல்லையே" என்று தரவு ஏற்றும் தங்கை கேட்டபோதுதான் தேடினோம். இடத் தரவுக்கான ஜியோஜேசான் வடிவத்தில் தீர்க்கரேகை முதலில், லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில். ஜியோஜேசான் லேயராகக் கொடுத்தால் லீஃப்லெட்டே மாற்றிக்கொள்ளும். நாமே எண்களை எடுத்து மார்க்கருக்குக் கொடுத்தால் மாற்றாது. கடலூர் சுமார் 11.75 வடக்கு, 79.77 கிழக்கு. தலைகீழாகப் போட்டால் மார்க்கர் ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு பக்கம் போய் நிற்கும். இரண்டும் வெறும் எண்கள், கம்பைலருக்கு என்ன தெரியும்?

டைப்ஸ்கிரிப்ட் 4.0இல் வந்த டியூப்பிள் பெயர்களை (எண் ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்) போட்டுப் பார்த்தோம். படிப்பவர் கண்ணுக்கு உதவுமே தவிர, கம்பைலர் அதை வைத்துத் தடுக்காது. கடைசியில் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் தனித்தனி முத்திரை டைப் வைத்தோம், அதாவது ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் கம்பைலர் தடுக்கும். எங்கள் மார்க்கர் ஃபங்ஷன் அவற்றைத்தான் வாங்கும். வெறும் எண்ணுக்கு முத்திரை குத்தும் வேலை ஒரே ஒரு ஃபங்ஷனுக்கு. புயல் நேரத்தில் ஒருவர் மையத்தைத் தேடும் வரைபடம் இது. இந்த உழைப்பு தேவைதான்.

அப்புறம், வேண்டுமென்றே தப்பாக அழைக்கும் வரிகளை ஒரு சோதனைக் கோப்பில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் 'டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர்' குறிப்பு போட்டோம், 'இங்கே பிழை வரவேண்டும்' என்று கம்பைலருக்குச் சொல்வது அது. யாராவது டைப்பைத் தளர்த்தினால் அந்தப் பிழை வராது, பில்ட் அங்கேயே நிற்கும். இனி மீதமுள்ள 'எனி'களை எடுக்கவேண்டும், அடுத்தது ஜியோஜேசானின் ஒவ்வொரு இடத்துக்கும் ஓடும் 'ஆன்ஈச்ஃபீச்சர்' ஃபங்ஷன்.