டாரன்டெல்லாவைத் தேர்வுக்கு எடுத்திருக்கிறீர்களா?

டாரன்டெல்லா என்பது வேகமான இத்தாலிய ஆட்டம், அதற்கான இசைக்கும் அதே பெயர். பியானோ கிரேடு தேர்வில் இசையமைப்பாளர் பர்க்முல்லரின் ‘லா டாரன்டெல்’ பீஸைக் கடைசியாக வாசிக்க வைத்திருந்தேன். அவருடைய ஓபஸ் 100 தொகுப்பில் உள்ள 25 எட்யூட்களில் (பயிற்சி பீஸ்களில்) அது 20ஆவது. டி மைனர், 6/8 தாளம், அலெக்ரோ விவோ (வேகமாக, துடிப்போடு). வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். தேர்வறையில் பதற்றத்தில் எடுத்த எடுப்பிலேயே பறந்துவிட்டேன். நடுவில் டி மேஜருக்கு மாறும் இடம் வருவதற்குள் முன்கை கல்லாக இறுகிவிட்டது. அப்புறம் வலது கை ஒரு பக்கம், இடது கை ஒரு பக்கம். மொத்தத்தில் தேறினேன், ஆனால் இந்த ஒன்றுக்கு 30க்கு 19தான்.

விரல் வேகம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு எண்ணிக்கையில் இருந்தது. ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஆறு என்று எண்ணியே பழகியிருந்தேன். ஆறு எண்ணினால் ஆறு சுரத்திலும் அழுத்தம் விழும், கை சீக்கிரம் களைத்துவிடும். ‘தகிட தகிட’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள், அடி இரண்டுதான். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமையும் பாருக்கு இரண்டு தட்டாக வையுங்கள். நான் நிமிடத்துக்கு 60 தட்டில் ஆரம்பித்து, தடுக்காமல் மூன்று தடவை வந்தால்தான் 4 ஏற்றுவேன். நடுவில் கட்டை விரல் விழும் சுரம் சத்தமாகத் துருத்திக்கொண்டு வந்தால் வேகத்தை ஏற்றாதீர்கள். முன்கை எரிந்தால் அன்றைக்கு அந்தப் பகுதியை மூடிவையுங்கள்.

(6/8 குழப்பத்துக்கு வெட்கப்பட வேண்டாம். 1841இல் தன் டாரன்டெல்லாவை எழுதியபோது பெரிய பியானோ இசையமைப்பாளர் சோபினே நண்பர் ஃபோன்டானாவுக்குக் கடிதம் போட்டு, இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி தன்னுடைய டாரன்டெல்லாவை 6/8இல் எழுதினாரா 12/8இல் எழுதினாரா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.)

இடது கைக்கு வழி சொன்னது இந்த ஆட்டத்தின் பழைய கதை. தென் இத்தாலியில், டாரன்டோவை ஒட்டிய சாலென்டோ பகுதியில், சிலந்தி கடித்தவர் ஆடித்தான் விஷத்தை இறக்க வேண்டும் என்று நம்பினார்கள். மானுடவியலாளர் எர்னஸ்டோ டி மார்டினோ 1959இல் ஆய்வுக்குப் போனபோதும் அந்தச் சடங்கு அங்கே உயிரோடிருந்தது. வயலினும் டம்புரெல்லோ என்ற கைப்பறையும் வாசிக்க, ஆடுபவர் களைத்து விழும்வரை ஆட்டம் நடக்கும். யோசித்துப் பாருங்கள், பறை அடிப்பவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? இடது கைதான் அந்தப் பறை. கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அடித்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும், அழுத்திக்கொண்டு உட்காரக் கூடாது. ஒரு வாரம் இடது கையை மட்டும் வாசித்துக்கொண்டு, வலது கையின் மெட்டை வாயால் பாடினேன். சலிப்பான வேலைதான், ஆனால் எனக்கு அதிகம் உதவியது அதுதான். பெடலைப் பெரும்பாலும் தொடாதீர்கள், தாளம் குழைந்துவிடும்.

தேர்வறைப் பியானோவின் கட்டைகள் வீட்டில் உள்ளதைவிடக் கனமாக இருக்கலாம். ஸ்கேல் வாசிக்கும்போதே அதைக் கவனித்துவிடுங்கள். தொடக்க வேகத்தை முதல் பாரிலிருந்து எடுக்காமல், உங்களுக்கு மிகக் கடினமான நான்கு பாரை மனசுக்குள் பாடி அதிலிருந்து எடுங்கள். நான் இப்போதெல்லாம் ஸ்டூலைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டு அதை முணுமுணுத்துவிடுகிறேன். முந்தைய பீஸுக்குத் தேர்வாளர் குறிப்பு எழுதி முடிக்கும்வரை எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும்.