கால்கள் மட்டும் மிஞ்சிய பூநாரைகள்

சுன்னாகத்திலிருந்து வந்த அந்த அம்மா, துவாயில் சுற்றிக் கொண்டுவந்த பொருளை என் மேசையில் வைத்துப் பிரித்தார். நான் அல்ககோல் மையால் வரைந்து விற்ற ரைல்ஸ்தான் அது. எட்டங்குலச் சதுரம், பின்பக்கத்தில் என் கையெழுத்து. ஒன்றரை வருடத்துக்கு முன்பு அதில் ஐந்து பூநாரைகள் நின்றன. சுண்டிக்குளத்தில் பொழுது படுகிற நேரம், ஊதா வானம், முட்டளவு தண்ணீர், ஒவ்வொரு பறவையின் தலையிலும் ஒரு செவ்வரத்தம்பூ.

இப்போது பறவைகளைக் காணவில்லை. வானம் சாம்பலாகியிருந்தது. உடல்கள் இருந்த இடத்தில் மோர் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு வெளிறல். தங்க மையால் நான் கீறிய கால்கள் மட்டும் அப்படியே மின்னிக்கொண்டிருந்தன. மூன்று பறவைகளை இரண்டு காலிலும், இரண்டை ஒற்றைக் காலிலும் நிற்க வைத்திருந்தேன். எட்டுக் கால்கள்.

“பிள்ளை, நான் கழுவவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சுவரிலைதான் இருந்தது” என்றார். தன் கையால்தான் ஏதும் பிழை நடந்ததோ என்று பயந்த குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எந்தச் சுவர் என்று கேட்டேன். மேற்குப் பார்த்த யன்னலுக்கு நேர் எதிர்ச்சுவராம். பின்னேர வெயில் வந்து விழுகிற இடம்.

அல்ககோல் மையில் நிறம் சாயமாகக் கரைந்திருக்கிறது, சேலைக்குப் போடுகிற சாயத்தைப் போல. ஓவியர்கள் பாவிக்கும் நல்ல நீர்வர்ணத்திலும் அக்ரிலிக்கிலும் பெரும்பாலும் இருப்பது நிறமி, அதாவது கரையாத மிக நுண்ணிய பொடி. பொடி வெயிலை ஓரளவு தாங்கும். கரைந்த சாயத்தின் மூலக்கூறுகளைப் புற ஊதாக்கதிர் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். தங்க மை பொடி வகை. அந்தக் குப்பிக்குள் ஒரு சின்னக் குண்டு கிடக்கும், குலுக்கினால்தான் அடியில் படிந்தது எழும்பும். கால்கள் தப்பியது அதனால்தான்.

இதெல்லாம் விற்கும்போதே எனக்குத் தெரியும். படம் காய்ந்த பிறகு புற ஊதாக்கதிரைத் தடுக்கும் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக விசிற வேண்டும் என்பதும் தெரியும். 2022 இல் இலங்கையில் டொலர் இல்லாமல் போனபோது அந்த வார்னிஷ் எனக்குக் கிடைக்கவில்லை. ஹாட்வெயார் கடையில் இருந்த சாதாரண லக்கர் ஸ்பிரேயை அடித்தேன். பளபளப்பு வந்தது, பாதுகாப்பு வரவில்லை. “வெயில் படாத இடத்தில் மாட்டுங்கோ அம்மா” என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாங்க மாட்டாரோ என்று நினைத்தேன். அந்த மாதம் எனக்குக் காசு தேவைப்பட்டது. அந்த நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

இந்த வேலைக்கு நான் படச்சட்டக் கடையிலிருந்து வந்தவள். நகரத்தில் ஒரு கடையில் ஒன்பது வருடம் கண்ணாடி வெட்டினேன். கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், செத்தவீட்டுக்கு அவசரமாகப் பெரிதாக்கிய படம். வெட்ட வேண்டிய அளவைக் கண்ணாடியிலேயே பெர்மனன்ற் மார்க்கரால் எழுதுவோம். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து, பிறகு கடை திறந்தபோது மேசையில் சனிற்றைசர் போத்தல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு, நான் நீலத்தில் எழுதியிருந்த 18 இல் விழுந்தது. எட்டு கரைந்து நாலாபக்கமும் ஓடி, நடுவில் வெளிறி, ஓரத்தில் கடும் நீலமாகக் கட்டி நின்றது. பண்ணைப் பாலத்தில் நின்று பார்க்கும்போது அலை வந்து போன மணலில் தெரிகிற கோடு மாதிரி. பக்கத்தில் இருந்த சிவப்பு எழுத்துக்கும் ஒரு சொட்டு விட்டேன். இரண்டும் சந்தித்த இடத்தில் ஊதா எழும்பியது. முதலாளி ஐயா பார்த்துவிட்டு, “துடைச்சுப்போட்டு வேலையைப் பாருங்கோ” என்றார். துடைத்தேன். ஆனால் அன்றிரவு வீட்டில் இருந்த மார்க்கர் எல்லாவற்றையும் உடைத்து, உள்ளிருந்த பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன்.

ஏன் அப்படி ஓடுகிறது என்பதைப் பிறகுதான் படித்து விளங்கிக்கொண்டேன். அல்ககோலின் பரப்பிழுவிசை குறைவு. அல்ககோல் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கித் திரவம் இழுபடும், சாயத்தையும் கூட்டிக்கொண்டு போகும், ஓரத்தில் முதலில் காய்ந்து அங்கேயே அதைக் குவித்துவிடும். இப்படி இழுபடுவதற்கு மரங்கோனி விளைவு என்று பெயர், கார்லோ மரங்கோனி என்ற இத்தாலியப் பௌதிகவியலாளரின் பெயரால். ஓட வேண்டுமென்றால் அடியில் இருப்பது உறிஞ்சக்கூடாது. கடதாசியில் விட்டால் விட்ட இடத்திலேயே ஊறிவிடும். அதனால்தான் ரைல்ஸ், கண்ணாடி, அல்லது யூபோ. யூபோ கடதாசி போலத் தெரிந்தாலும் பொலிபுரோப்பிலீன் தாள், மரக்கூழ் இல்லை.

பாமசியில் வாங்கிய 70 வீத ஸ்பிரிட் என்னை நன்றாக அலைக்கழித்தது. அல்ககோல் முதலில் ஆவியாகிப் போக, மிஞ்சிய தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு படத்தைப் புள்ளி விழுந்த வாழைப்பழமாக்கிவிடும். 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் கையில் வந்த பிறகுதான் மை என் சொல்லைக் கொஞ்சம் கேட்டது. உண்மையான மைக் குப்பிகளைச் சித்தியின் மகள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பினாள். தீப்பற்றும் திரவத்தை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே கப்பல் பெட்டியில், சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில், 15 மில்லிலீற்றர்க் குப்பிகள் மாதக்கணக்கில் மிதந்து வந்தன.

தீ என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐசோபுரோப்பைலின் ஆவி ஏறத்தாழ 12 பாகை செல்சியஸிலேயே நெருப்பைப் பிடிக்கக்கூடியது. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலைகூட அவ்வளவு குளிராது. என்றால் வருடம் முழுக்க, குப்பி திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது ஆயத்தமாக இருக்கிறது. 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது மெழுகுதிரியோடும் மண்ணெண்ணெய் விளக்கோடும் இந்த மேசையில் உட்கார முடியாது. இருட்டினால் மூடிவிட்டு எழும்பிவிடுவேன். இப்போது படிக்க வருகிற பிள்ளைகளுக்கும் விறாந்தையில்தான் வகுப்பு. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது என்பதைத் தலையிடி வந்துதான் நான் கற்றுக்கொண்டேன். அவர்கள் அப்படிக் கற்கக்கூடாது.

காலநிலைதான் இந்த வேலையின் உண்மையான முதலாளி. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி வந்து ஈர மையில் ஒட்டிக்கொள்ளும். மாரியில் காற்றில் ஈரம் கூடி, விசிறிய வார்னிஷ் பால் படிந்த மாதிரி மங்கிவிடும். தையிலிருந்து பங்குனி வரைதான் எனக்கு மனமொத்த காலம். பிறகு எண்ணெய். முழுகிவிட்டு வந்த கையால் ரைல்ஸைத் தொட்டால் விரல் பட்ட இடத்தை மை விலக்கிவிடும், ரேகை வெள்ளையாகப் படத்தில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு ரைல்ஸையும் அல்ககோலால் துடைத்து, ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்குவேன். வரைகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம் கூட.

வரைவது என்ற சொல்லும் அவ்வளவு பொருந்தவில்லை. ஒரு சொட்டு மை, பக்கத்தில் ஒரு சொட்டு அல்ககோல். கமரா லென்சுக்குத் தூசி ஊதும் இரப்பர்ப் பந்து ஒன்று பழைய வேலையின் மிச்சமாக என்னிடம் இருக்கிறது, அதால் மெதுவாக ஊதுவேன். மை எழும்பி, விரிந்து, மடிந்து நிற்கும். அப்புறம் கையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறது? தலைவிரித்து ஆடும் பனையா, பாவாடை விரித்த அல்லியா, கிணற்றுக்கட்டில் ஏறி நிலாவை எட்டிப் பார்க்கும் ஆடா? கண்டுபிடித்த பிறகு மெல்லிய பேனையால் ஒரு கொம்பு, ஒரு கண், ஒரு வால். அவ்வளவுதான் என் பங்கு. வெள்ளைச் சாயம் என்று ஒன்று இதில் இல்லாததால், நிலா வேண்டுமென்றால் ரைல்ஸின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அல்ககோல் தொட்ட தூரிகையால் நிறத்தைத் துடைத்து எடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் நானும் காணொளிகளைப் பார்த்துப் பனிமலையும் செம்மஞ்சள் மேப்பிள் காடும்தான் போட்டேன். அவை அழகாகவே வந்தன, ஆனால் அவற்றுக்குள் எனக்கு ஒரு சிரிப்பும் தோன்றவில்லை. பனிமலையில் எந்த விலங்கு என்ன குறும்பு செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேலியில் ஏழெட்டாக வந்திருந்து சண்டை பிடிக்கும் புளினிக் குருவிகளை எனக்குத் தெரியும். அவற்றுக்கு ஆளுக்கொரு குடை கொடுத்து மழையில் நடக்கவிட்ட நாளில்தான் இந்த மை என்னுடையதாயிற்று. ஒன்பது வருடம் முகங்களை நேராக்கி, கோணாமல், அச்சொட்டாகச் சட்டத்துக்குள் வைத்தவள் நான். அதில் பாதி முகங்கள் இறந்தவர்களுடையவை. நீலப் பனையும் ஊதா ஆடும் எனக்குத் தந்த ஆறுதலை அந்தக் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க முடியும்.

ஆனால் இந்த மைக்கு எல்லையும் உண்டு. ஒரு நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தன் வீட்டுக் கிணற்றை வரைந்து தரக் கேட்டார். வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவிட்டுப் போன வளவு. காணி திரும்பக் கிடைத்தது, வீடு இல்லை, படமும் இல்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, இரண்டு நாள் எடுத்துச் செய்தேன். பச்சையும் ஊதாவுமாய் ஒரு பலாமரம், கிணற்றுக்குள் விழுந்த நிலா, துலாவில் ஊஞ்சலாடும் அணில். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். “வடிவாய் இருக்கு பிள்ளை. ஆனா இது எங்கட கிணறு இல்லை” என்று மெதுவாகத் திருப்பி வைத்தார். அவர் சொன்னது சரி. தன் கிணற்றைக் கேட்டு வந்தவருக்கு நான் விளையாட்டைக் கொடுத்திருக்கிறேன். பென்சிலால் வீடு வரையும் ஒருவரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதன் பிறகு அப்படியான ஓடரை நான் எடுப்பதில்லை.

பூநாரை ரைல்ஸ் திரும்பி வந்த அன்றே யன்னலில் ஒரு வேலை செய்தேன். என்னிடமிருந்த எல்லா நிறத்தையும் ஒரு யூபோத் துண்டில் கோடு கோடாக இட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்கு யன்னலில் ஒட்டினேன். ஒரு வருடம் அப்படியே விட்டேன். எடுத்துப் பார்த்தபோது ரோசா முதலில் போயிருந்தது, அதற்குப் பின்னால் ஊதா. மண்ணிறங்களும் ஒரு கடும் நீலமும் ஓரளவு நின்றன. நல்ல வார்னிஷ் அடித்த துண்டு மெதுவாக மங்கியது. மங்கத்தான் செய்தது. இப்போது அந்தத் துண்டு கடையில் தொங்குகிறது, விலை சொல்லுமுன் அதைக் காட்டுகிறேன். விற்குமுன் ஒவ்வொரு படத்தையும் நிழலில் வைத்துப் படம் பிடித்து, விரும்புகிறவர்களுக்கு நிறமி மையில் அச்செடுத்தும் கொடுக்கிறேன். சிலர் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்கள். போகட்டும்.

பூநாரைகளின் நிறமும் பிறவி நிறமில்லை. அவை தின்னும் பாசியிலும் சின்ன இறாலிலும் உள்ள கரோட்டினொயிட்டுகள்தான் இறகில் ஏறுகின்றன. அந்த இரை கிடைக்காவிட்டால் பறவை வெளிறிவிடும். இதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன், சமாதானமாக அல்ல, எனக்குத் தெரிந்த எதையும் இனி அவரிடம் மறைக்க விருப்பமில்லாததால். லக்கர் விசயத்தையும் சொன்னேன். காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

அவர் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை. கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். “இது மூத்தவன், லண்டன். இது ரெண்டாவது. இதுகள் ரெண்டும் பாரிஸ். இந்தா, ஒற்றைக் காலிலை நிக்குதே, இது கடைக்குட்டி” என்றார். ஐந்து பூநாரை உள்ள ரைல்ஸை அன்று அவர் ஏன் தெரிவு செய்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். தை பிறக்கட்டும், மாரி ஈரத்தில் வார்னிஷ் சரிவராது என்றேன். சொன்னபடி தையில் வந்தார். வெயில் விழாத உள்ளறைச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டாராம். நான் ரைல்ஸைத் துடைத்துவிட்டு ரோசா மையைத் திறக்கும்போது, பக்கத்துக் கதிரையில் இருந்தபடி கையை நீட்டினார்.

“பிள்ளை, கடைக்குட்டியை இந்த முறை ரெண்டு காலிலையும் நிப்பாட்டுங்கோ. அவளுக்கு விசா கிடைச்சிட்டுது.”

தங்கக் குப்பியை எடுத்துக் குலுக்கினேன்.