ஸ்டேடியத்துக்கு கீழ குப்பை

எங்க வீட்டுலேர்ந்து நாலு தெரு தள்ளி என் நண்பன் வீடு. ரெண்டு பேரும் டைல்ஹர்ஸ்ட் தான், ரெடிங் ஊருக்கு மேற்கு பக்கம் (ரீடிங்னு படிக்காதீங்க, அப்படி சொன்னா ஊருக்கு புதுசுன்னு உடனே கண்டுபிடிச்சிருவாங்க). ஆனா நடுவுல எங்கயோ ஒரு கோடு போகுது, நான் ரெடிங் கவுன்சில், அவன் வெஸ்ட் பெர்க்‌ஷயர் கவுன்சில். என் வீட்டுல ரீசைக்கிளிங்குக்கு சிவப்பு பின் (குப்பைத்தொட்டி தான்), அவன் வீட்டுல வேற பின், வேற பை. போன மாசம் பழைய மெத்தையை எங்கடா போடுறதுன்னு கேட்டான், உன் கவுன்சில்ல என்ன சொல்றாங்கன்னு முதல்ல பாருடான்னேன், "குப்பைக்கு கூட ஜாதகம் பாக்கணுமா"ன்னுட்டான். அன்னிக்கு ராத்திரி சும்மா தேட ஆரம்பிச்சவன் ரெண்டு மணி வரைக்கும் கவுன்சிலோட குவாரி, குப்பை பிளான் படிச்சுட்டு உக்காந்திருந்தேன், வீட்டம்மா எட்டி பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டு போய் படுத்துட்டாங்க.

விஷயம் என்னன்னா, பெர்க்‌ஷயர்ங்கறது இங்கிலாந்துல ஒரு கவுண்ட்டி, நம்ம ஊர் கணக்குல மாவட்டம்னு வெச்சுக்கலாம். முன்னாடி மொத்த கவுண்ட்டிக்கும் பொதுவா மேல ஒரு கவுன்சில் இருந்துச்சு, குவாரி எங்க தோண்டலாம், குப்பை எங்க கொட்டலாம்னு முடிவு பண்றது அவங்க வேலை. 1998 ஏப்ரல் 1 அன்னிக்கு அதை கலைச்சுட்டாங்க (தேதி நான் போட்டது இல்லைங்க, நிஜமாவே ஏப்ரல் 1). ரெடிங், வோக்கிங்ஹாம், பிராக்நெல் ஃபாரஸ்ட், வின்ட்சர் அண்ட் மெய்டன்ஹெட், ஸ்லவ், வெஸ்ட் பெர்க்‌ஷயர்னு ஆறு கவுன்சில், ஆளாளுக்கு தனிக்குடித்தனம். கவுண்ட்டி இருக்கு, கவுண்ட்டி கவுன்சில் இல்ல.

தனிக்குடித்தனம் எல்லாம் சரி, ஆனா மண்ணுக்கு அடியில இருக்கறதுக்கு எல்லை தெரியுமா? தேம்ஸ், கென்னட் ரெண்டு ஆத்து பள்ளத்தாக்கு பூரா பனியுகத்து ஆறு கொண்டாந்து போட்ட கிராவல். நம்ம ஊர்ல கிராவல்னா ரோட்டுக்கு கொட்டுற செம்மண், இங்க கிராவல்னா கூழாங்கல்லும் மணலும் கலந்து கிடக்கற படுகை. கான்கிரீட்டுக்கு அதான் மூலப்பொருள். விலை கம்மி, எடை ஜாஸ்தி, அதனால தூரத்துலேர்ந்து கொண்டு வந்தா லாரி வாடகை பொருள் விலையை தின்னுரும், முடிஞ்ச வரைக்கும் பக்கத்துலயே தோண்டியாகணும். கருங்கல் ஜல்லி மாதிரி உடைச்ச கல்லுக்கு இங்க மலை கிடையாது, அது சாமர்செட்ல மென்டிப் குன்று பக்கத்து குவாரிலேர்ந்து கூட்ஸ் ரயில்ல தீல் வரைக்கும் வருது. தீல் ரெடிங்க்கு பக்கத்துல தான், ஆனா இருக்கறது வெஸ்ட் பெர்க்‌ஷயர் எல்லைக்குள்ள. அதாவது நான் நடக்கற ரோட்டுக்கு வேண்டிய கல்லு என் நண்பனோட கவுன்சில்ல வந்து இறங்குது.

மினரல்ஸும் (தோண்டி எடுக்கற மணல், கிராவல் மாதிரி) குப்பையும் ஏன் ஒரே பிளான்ல வருதுன்னு எனக்கும் முதல்ல புரியல, கல்யாணத்தையும் கருமாதியையும் ஒரே பத்திரிகைல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் தான் ஓடுச்சு, தோண்டினா குழி விழும், குழி விழுந்தா ஒண்ணு தண்ணி நிக்கும் இல்ல யாராவது குப்பை கொட்டுவாங்க. ரெண்டுக்கும் எங்க ஊர்லயே சாட்சி இருக்கு. லீவு நாள்ல புளியோதரை கட்டிக்கிட்டு நம்மாளுங்க போற டின்டன் பாஸ்ச்சர்ஸ் பார்க் இருக்கே, அந்த ஏரி எல்லாம் பழைய கிராவல் குழி தான், அங்க எடுத்த கல்லு எம்4 மோட்டார்வே போட போச்சு. ஆஹா என்ன இயற்கைன்னு அங்க நின்னு நான் எடுத்த செல்ஃபி எத்தனை!

அடுத்தது ஃபுட்பால் ஸ்டேடியம். கவுண்ட்டி கவுன்சில் போன அதே 1998ல, ஆகஸ்ட்ல திறந்தது, மடெஜ்ஸ்கி ஸ்டேடியம்னு பேரு (இப்ப ஸ்பான்சர் பேருக்கு மாத்திட்டாங்க, யாரும் அப்படி கூப்பிடறதில்ல). அது நிக்கறது பழைய குப்பை கிடங்கு மேல. மக்குற குப்பைலேர்ந்து மீத்தேன் வரும்ல, அது வெளிய போக சுத்தி குழாய் வெச்சிருக்காங்க. பையனுக்கு இதை சொன்னதுலேர்ந்து ரெடிங் தோத்தா மீத்தேன் மேல பழி போட்டுடறான்.

இப்ப கதைக்கு வர்றேன். 1998க்கு அப்புறம் ஆறு பேரும் சேர்ந்து பொதுவா ஒரு யூனிட் வெச்சு பிளான் போட பாத்தாங்க. 2009 ஜூன்ல அரசாங்க பிளானிங் இன்ஸ்பெக்டர் முன்னாடி விசாரணைக்கு வந்துச்சு, ஆதாரமா கொடுத்த கணக்கு சரியில்லைன்னு சிக்கல், 2010 ஜனவரில பிளானே வாபஸ். அடுத்த வருஷம் அந்த யூனிட்டையும் கலைச்சுட்டாங்க. அதனால 1995ல போட்ட மினரல் பிளானும் 1998 குப்பை பிளானும் தான் ரொம்ப வருஷத்துக்கு ஓடிச்சு. அதே 2011ல தான் லோக்கலிசம் ஆக்ட்னு ஒரு சட்டம், பக்கத்து பக்கத்து கவுன்சில்கள் இந்த மாதிரி விஷயத்துல ஒத்துழைச்சே ஆகணும்னு. ஒத்துழைக்கணும்னு தான் சட்டம், ஒத்து வரணும்னு இல்ல, அது வேற விஷயம்.

அப்புறம் நாலு பேர் மட்டும் சேர்ந்தாங்க: ரெடிங், வோக்கிங்ஹாம், பிராக்நெல், வின்ட்சர். வேலை செஞ்சு கொடுத்தது யாருன்னு பாத்தா பக்கத்து கவுண்ட்டி ஹாம்ப்ஷயர் ஆளுங்க! ஏன்னா இதுக்கு குவாரி தெரிஞ்ச, குப்பை தெரிஞ்ச ஆளு வேணும், சின்ன சின்ன கவுன்சில் ஒவ்வொண்ணும் தனியா வெச்சுக்க முடியாது. நம்ம வீட்டுல சமையல்காரரை நிப்பாட்டிட்டு பக்கத்து வீட்டு சமையல்காரர்கிட்ட கேரியர் வாங்கற மாதிரி. 2022 கடைசிலயும் 2023 ஆரம்பத்துலயும் நாலு கவுன்சிலும் தனித்தனியா ஓட்டு போட்டு பிளானை ஏத்துக்கிச்சு, 2036 வரைக்கும் செல்லும். கலைச்சது ஒரே நாள்ல, ஒட்ட வைக்க கிட்டத்தட்ட 25 வருஷம், அதுவும் ஆறுல நாலு தான் ஒட்டுச்சு. வெஸ்ட் பெர்க்‌ஷயர் தனியா ஒரு பிளான் போட்டுக்கிச்சு. ஸ்லவ் இதுல சேரவே இல்ல.

ஆனா பாருங்க, ரெடிங், வோக்கிங்ஹாம், பிராக்நெல் மூணும் குப்பையை அப்புறப்படுத்த ரீ3ன்னு ஒரு கூட்டு வெச்சு 2006ல 25 வருஷ ஒப்பந்தம் போட்டிருக்காங்க, இந்த கூட்டு நல்லா தான் ஓடுது. மறுசுழற்சி ஆகாத குப்பை எரிக்க போற இடத்துல ஒண்ணு கோல்ன்புரூக்ல இருக்கற லேக்சைட் ஆலை. கோல்ன்புரூக் எங்க இருக்கு? ஸ்லவ் எல்லைக்குள்ள. பிளான்ல சேராதவங்க வீட்டுல தான் நம்ம குப்பை எரியுது. அந்த ஆலை ஹீத்ரோ ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கு, மூணாவது ரன்வே வந்தா ஆலையையே இடிக்கணும், அப்ப என் வீட்டு குப்பை எங்க போகும்னு ரெடிங் மட்டும் தனியா உக்காந்து யோசிச்சு என்ன ஆகப்போகுது. கிடங்குல புதைச்சிரலாம்னா வரி இருக்கு, 1996ல டன்னுக்கு 7 பவுண்டுல ஆரம்பிச்ச லேண்ட்ஃபில் டாக்ஸ் 2025 ஏப்ரல்ல 126 பவுண்டு 15 பென்ஸுக்கு ஏறிடுச்சு. கவுன்சில் கட்டுற அந்த காசு நம்ம பாக்கெட்டுலேர்ந்து தான்.

ஹீத்ரோ பக்கம் கிராவல் எடுத்த குழியை ஏரியா விடறதுலயும் தொல்லை இருக்கு, தண்ணி இருந்தா பறவை வரும், பறவை விமானத்துல மோதும். அதனால கட்டிட வேலைல தோண்டி எடுத்த மண்ணை கொண்டாந்து குழியை மூடறாங்க, மினரல்ஸும் குப்பையும் ஒரே குழியில சந்திக்கறது இங்க தான். அந்த பக்கத்து ஹார்ட்டன் கிராமத்துல கிங்ஸ்மெட் குவாரின்னு ஒண்ணு, தோண்டறதுக்கு முன்னாடி தொல்லியல்காரங்க இறங்குனதுல 4,000 வருஷத்துக்கும் முந்துன ஒரு பெண்ணோட சமாதி, தங்க நகையோட கிடைச்சுது. கான்கிரீட்டுக்கு கல்லு தேடின இடத்துல தங்கம்.

பிளான் படிக்க பயங்கர போர், அதையும் சொல்லிடறேன். மணல், கிராவல் குறைஞ்சது 7 வருஷத்துக்கு காணுற அளவு பர்மிஷன் எப்பவும் கையிருப்புல இருக்கணும்னு தேசிய விதி, அதுக்கு இடம் தேடினா ஒவ்வொரு கிராமமும் எங்க பக்கம் வேணாம், லாரி வரும், தூசி வரும்னு மனு. நியாயம் தான். புது வீடு மட்டும் எல்லாருக்கும் வேணும். நானும் அந்த லிஸ்ட்ல தான் இருக்கேன், போன வருஷம் வீட்டுக்கு பின்னாடி பாட்டியோ (வெளிய உக்கார கான்கிரீட் தளம்) போட்டேன், அந்த கான்கிரீட்டு கல்லு எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு கேக்கவே இல்ல.

நண்பன் மெத்தை இன்னும் அவன் கராஜ்ல தான் நிக்குது. அடுத்த வாரம் அவன் கவுன்சில் லாரி வந்து காசுக்கு எடுத்துட்டு போகுமாம்.