வெள்ளைக்கல்லும் கடற்கல்லும்

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்று எல்லோரும் சொல்லும் பாறை விளிம்பில் மாலை நான்கு மணிக்கு மேல் போய் நின்றால், கீழே சேலம் விரிந்து கிடப்பதும், மலையடிவாரத்தை ஒட்டி யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரிவதும், வானம் தெளிந்த நாளாயிருந்தால் மேற்கே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தகடாக மின்னுவதும் கண்ணுக்கு அகப்படும். சுற்றுலா வருபவர்கள் அணையைத் தேடுவார்கள். என் கண் அந்த வெள்ளைத் திட்டுகளில்தான் முதலில் போய் நிற்கும். என் அப்பா முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்த இடம் அது.

நாங்கள் வெள்ளைக்கல் என்று சொல்வதைப் பாடநூல் மேக்னசைட் என்கிறது. வெட்டியெடுத்த கல்லைச் சூளையில் சுட்டு, எஃகு உலைகளின் உள்சுவருக்கான செங்கல் செய்ய அனுப்புவார்கள். அப்பாவின் வேலை சூளையடியில். நூறு கிலோ கல்லை உள்ளே போட்டால் பாதிகூடத் திரும்ப வராது என்று சிறுவயதில் எங்களிடம் சொல்வார். “மீதிக் கல்லு காத்தாப் போயிடுச்சு” என்பார். கல் எப்படிக் காற்றாகும் என்று நானும் தங்கையும் சிரிப்போம். பின்னாளில் வேதியியல் படித்து, அதையே பள்ளியில் கற்பிக்கவும் வந்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது. மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். தூய கல் நூறு கிலோவைச் சுட்டால் அதிலிருந்து 52 கிலோ கரியமில வாயு வெளியேறும், 48 கிலோதான் சூளையில் தங்கும். இது எரிபொருளின் புகையைச் சேர்க்காத கணக்கு. கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த வாயுவின் கணக்கு.

சேலத்துக்காரர்களுக்குக் கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறையும், முன்னோருக்குத் திதி கொடுக்கப் போகும்போது ஒருமுறையும் பார்க்கிற ஒன்று. 2024 மே மாதக் கோடை விடுமுறையில் அம்மாவுக்குத் திதி கொடுப்பதற்காக அப்பாவை ராமேசுவரம் அழைத்துச் சென்றேன். காரியம் முடிந்த மறுநாள் பாம்பன் கரையில், வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரித்து முடிப்பதற்குள் இருவரும் சூளைக்காரர்கள் என்பது தெரிந்துவிட்டது.

“நாங்களும் இளவயசுல கல்லு சுட்டவங்கதாண்ணே. கடலுக்குள்ள எறங்கி, கல்லப் பேத்து, வத்தையில ஏத்திக் கொண்டாந்து சுண்ணாம்புச் சூளைக்குக் குடுப்போம்.”

“எங்க கல்லு கரட்டுல கெடந்துச்சுங்க, உங்க கல்லு கடல்ல கெடந்துச்சுங்க. தொழில் ஒண்ணுதானுங்க” என்றார் அப்பா.

பெரியவர் சற்று நேரம் கழித்துக் கேட்டார்: “உங்க கல்லு திரும்ப மொளைக்குமாண்ணே? எங்களுது மொளைக்கும்னு நெனச்சோம்.”

அவர் சொன்ன கல் பவளப்பாறை. பவளம் உண்மையில் முளைக்கக்கூடியதுதான். அது ஓர் உயிரினம் கட்டும் வீடு. நகக்கண் அளவு மென்மையான பாலிப் என்னும் உயிர், கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு சமைத்து, பெரும்பங்கைப் பாலிப்புக்கே கொடுத்துவிடுகிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி அந்தப் பாசி தரும் நிறம். மான்கொம்புபோல் கிளைக்கும் வகைகள் விரைந்து வளரும். பாறாங்கல்போல் திரளும் வகைகளோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்பவை. ஒருவர் ஒரு நாளில் கடப்பாரையால் பெயர்த்ததை அவை திரும்பக் கட்ட ஓர் ஆயுட்காலம் வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986-இல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. கடல்மட்டம் உயர்ந்ததால் மூழ்கின என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. தீவைச் சுற்றி அலையின் வேகத்தைத் தடுத்துக்கொண்டிருந்த பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காக அள்ளிச் சென்றது நாம்தான். வேலி போன வயலுக்குள் மாடு புகுந்ததுபோல் அதன் பிறகு அலை உள்ளே வந்தது. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகே கல் எடுப்பது அடங்கியது. கண்முன் நடக்கும் எல்லாச் சேதத்தையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடுவது ஒரு வசதி. அதில் யாருடைய கடப்பாரையும் தெரியாது.

கல் எடுப்பது நின்றபின் பாறை மீண்டு எழுந்திருக்க வேண்டும். வெப்பம் அதற்கு விடவில்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு பாகை செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் கடல் சூடாக இருந்தாலே போதும், பாலிப் தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பாசி போனால் நிறமும் போகிறது, சோறும் போகிறது. வெளிறிய பவளம் செத்த பவளம் அன்று, பட்டினி கிடக்கும் பவளம். சூடு தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வெளிறல் பெரிய அளவில் நேர்ந்தது. 2016-இல் மட்டும், உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2024 ஏப்ரலில், உலகம் முழுவதும் பரவிய நான்காவது வெளிறல் நிகழ்கிறது என்று அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். நாங்கள் பாம்பனில் இருந்தது அதற்கு அடுத்த மாதம். கண்ணாடித் தளப் படகில் குனிந்து பார்த்த அப்பா, கீழே தெரிந்த வெளுத்த கொம்புகளைக் காட்டி, “சூளையில இருந்து எடுத்த மாதிரியே இருக்குதுடா” என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

பவளம் மடிந்தால் மீன் குறையும் என்பது தெரிந்த கதை. கடல்தரையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் கடலுயிர் வகைகளில் கால்பங்கு வாழ்கிறது. அந்த வீடு இடிந்தால் குடியிருப்போரும் போக வேண்டியதுதான். மணலின் சூட்டைப் பொறுத்து ஆணா பெண்ணா என்று தீர்மானமாகும் கடலாமைக் குஞ்சுகள் வெப்பம் ஏற ஏறப் பெண்களாகவே பிறப்பதும் இந்த வரிசையில் வரும். இவற்றைப் பற்றி எழுதுவோர் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது தீவைப் பற்றி.

மலையில் வாழ்பவன் தீவை நீரில் நிற்கும் சிறு மலை என்றே நினைத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பவளத்தீவு அப்படிப்பட்டதன்று. அது பாறையிலிருந்து உடைந்த பவளத்துகளும் சிப்பித்துகளும் அலையால் குவிக்கப்பட்ட மேடு. அலை ஒரு பக்கம் அரிக்கும், மறுபக்கம் சேர்க்கும். பசிபிக் கடலில் உள்ள துவாலு நாட்டின் 101 தீவுத்திட்டுகளை 1971 முதல் 2014 வரையிலான படங்களைக் கொண்டு அளந்தபோது, மொத்த நிலப்பரப்பு குறைவதற்குப் பதிலாக 2.9 விழுக்காடு கூடியிருந்தது. இதைக் காட்டி, “பாருங்கள், கடல் உயர்வதெல்லாம் கட்டுக்கதை” என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுபவர்கள் உண்டு. அவர்கள் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். பக்கத்தில் உயிருள்ள பாறை இருந்து, புதுமணலைக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரையில்தான் அந்தக் கணக்கு நிற்கும். கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகமும் கூடிக்கொண்டே வருகிறது. பாறையும் சாக, நீரும் ஏறினால், மேடு தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும். லட்சத்தீவின் பங்காரம் தொகுதியில் பரளி 1 என்னும் ஆளில்லாத் தீவு அரித்தே காணாமற்போனது.

நிலம் போவதற்கு முன்பே கிணறு போய்விடுகிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. பவளத்தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. பெய்யும் மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால்தான் இது முடிகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி குறைகிறது. அலை ஒருமுறை தீவைக் கடந்து புரண்டால், அந்த நன்னீர் உப்பேறி, மீளப் பல மாதங்கள் ஆகும். துவாலுவில் மணலைத் தோண்டிக் குழியாக்கி, நன்னீர் கசியும் ஆழத்தில் புலாக்கா என்னும் பெருஞ்சேம்பைப் பயிரிடுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அந்தக் குழிகளில் இன்று உப்பு ஏறுகிறது. சேலத்தில் கிணறு வற்றினால் ஆழ்துளை போடுகிறோம், இன்னும் ஆழமாகப் போடுகிறோம். அங்கே ஆழமாகப் போனால் கிடைப்பது கடல்.

துவாலுவில் ஏறத்தாழ 11,000 பேர் வாழ்கிறார்கள். 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவுடன் அந்நாடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-இல் நடந்த முதல் குலுக்கலிலேயே நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். மேட்டூர் அணை கட்டியபோது ஊரை விட்டு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். நீர் வற்றும் கோடையில் அணைக்குள் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும்போது பார்க்கப் போகிறவர்கள் அவர்கள். துவாலுக்காரர்களுக்கு அந்தக் கோடையும் வராது.

பத்தாம் வகுப்பில் நான் ஒரு சோதனை செய்து காட்டுவது வழக்கம். வெற்றிலைச் சுண்ணாம்புக்குச் சுடும் கிளிஞ்சல் ஒன்றின்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் நுரைத்துக்கொண்டு வரும். அதைக் காட்டிவிட்டுத்தான் கடலுக்கு வருவேன். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் கிட்டத்தட்ட கால்பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது; தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பிஎச் அளவு, அதாவது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் எண், இப்போது 8.1-ஐ ஒட்டி நிற்கிறது. ஒரு மாணவி, “அவ்ளோதானா சார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கடல் எலுமிச்சைச் சாறாக மாறிவிடவில்லை. இன்றும் அது காரத்தன்மை கொண்டதுதான். ஆனால் பிஎச் என்பது மடக்கை அளவு, ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும். அந்த 0.1 குறைவு, ஹைட்ரஜன் அயனியில் ஏறத்தாழ 26 விழுக்காட்டுக் கூடுதல். அந்த அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்வதால் பாலிப்புக்கும் சிப்பிக்கும் வீடு கட்டக் கல்லுக்குத் தட்டுப்பாடு வருகிறது. கரைவதைவிடக் கட்ட முடியாமற்போவதே முதலில் வரும் இடர். சூட்டால் பசி, அதோடு செங்கல் தட்டுப்பாடும்.

இந்த இடத்தில் நான் மேட்டூரைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. ஒடிசாவின் நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, ரயிலில் வந்து மேட்டூரின் 1,440 மெகாவாட் அனல் நிலையத்தில் எரிகிறது. கடல்வழியாக வந்த கரி, புகையாகக் கடலுக்கே திரும்புகிறது. 2024 மே 21 அன்று, ஹாம்பர்க்கில் உள்ள பன்னாட்டுக் கடல்சட்டத் தீர்ப்பாயம், பசுமைக்குடில் வாயுக்கள் கடலை மாசுபடுத்தும் பொருள்களே என்று கருத்துரை வழங்கியது. அந்தக் கருத்துரை வேண்டித் தீர்ப்பாயத்துக்குப் போனவை சிறு தீவு நாடுகள். சாயப்பட்டறைக் கழிவைத் திருமணிமுத்தாற்றில் விட்டால் அது மாசு என்று நமக்குத் தெரியும்; ஆற்றில் கால் வைக்காத புகையும் கடலுக்குக் கழிவுதான் என்று சட்டம் சொல்லக் கேட்டது எனக்குப் புதிது. அதே வாரத்தில்தான் அப்பா பாம்பன் பெரியவரிடம் தொழில் ஒன்றுதான் என்று சொன்னார்.

அப்பா செய்தது குற்றமென்று நான் எழுதவில்லை. அந்தச் சூளைச் சம்பளத்தில்தான் நான் வேதியியல் படித்தேன். அந்தச் செங்கல் அடுக்கிய உலையில் உருகிய எஃகு இல்லாமல் பாம்பன் பாலமும் இல்லை, காற்றாலையும் இல்லை. உலகின் புகைக்கணக்கில் சேலத்துச் சூளைகள் ஒரு துளிதான். துவாலுவின் பங்கு அதனினும் சிறிது என்பதும் கிணறு அவர்களுடையது என்பதும்தான் இந்தக் கணக்கில் எனக்கு ஒத்துவரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அப்பா அந்தச் சோதனையைத் தனக்கும் காட்டச் சொன்னார். ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்த வெள்ளைக்கல் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்துக் கிளிஞ்சலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டின்மேலும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கிளிஞ்சல் உடனே நுரைத்தது. வெள்ளைக்கல் அசையவில்லை, அது பொடியானாலோ சூடேறினாலோ அல்லாமல் எளிதில் நுரைக்காத கல்.

“எங்க கல்லு கெட்டிடா” என்றார். பிறகு நுரை அடங்குவதற்குள் கிளிஞ்சலை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, அலமாரியில் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.