கிளீனர் கண்ணில் படாத கேச்

கோத்தகிரி பக்கம் வீடியோ எடிட் செய்பவர்களுக்கு மூடுபனி கொடுக்கிற வேலை தனி. பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் குளிர், கூட்டம் முழுக்க வெள்ளை உடை, அதன்மேல் வெள்ளையாகப் பனி. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றித்தான் எடுக்க முடியும். ஃபுட்டேஜ் வந்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளைக் குறைக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாமல் ஆகாது.

டிஸ்க் நிறைவது அங்கேதான். நான் வேலை செய்வது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில். ஸ்மார்ட் கேச் ஆனில் இருந்தால், இப்படிக் கனமான எஃபெக்ட் போட்ட கிளிப்பை தடங்கலில்லாமல் ஓட்டிக் காட்ட அதுவே முன்கூட்டி ரெண்டர் செய்து, தற்காலிக ஃபைலாக டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். அதுதான் கேச். செட்டிங்கைக் கொஞ்சம் மாற்றினாலும் மறுபடி புதிதாக ஒன்று. பழையது அப்படியே கிடக்கும். கேமராவில் 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தது நிமிடத்துக்கு முக்கால் ஜிபிதான். அதுவே 4கே, 25 ஃப்ரேம், டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ என்ற எடிட்டிங் ஃபார்மட்டில் கேச்சாக மாறினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 ஜிபி.

டி டிரைவ் நிறைந்து, அதன் கோடு சிவப்பாகிவிட்டது. எடிட்டிங் கேச்சைத் துடைக்கும் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இலவச கிளீனரை ஓட்டினேன். நீக்க ஒன்றுமில்லை என்றது. விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பும் உதவவில்லை. டெம்ப் ஃபைல், தம்ப்நெயில், ரீசைக்கிள் பின், இவைதான் அதற்குக் குப்பை; எடிட்டிங் கேச் எல்லாம் நம் சொந்த ஃபைல்கள் கணக்கு.

ரிசால்வில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ், அதன் கீழே வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் பார்த்தபோது விஷயம் புரிந்தது. என் கேச் டி டிரைவ் எஸ்எஸ்டியில். கிளீனரோ சி டிரைவின் வீடியோஸ் ஃபோல்டரை மட்டும் துழாவிக்கொண்டிருந்தது. சரி, டி டிரைவ் பாதையைக் கையால் சேர்த்தேன். இப்போது நீளமாகப் பட்டியல் வந்தது. நடுவில் புள்ளியில் தொடங்கும் ‘.gallery’ ஃபோல்டருக்கும் டிக்! கலர் கிரேடு (நிறத் திருத்தம்) பார்த்துச் சேர்த்துவைத்த ஸ்டில்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் டெலிட்டை அழுத்தினேன்.

பாதி ஃபைல் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று நின்றது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், மூடிய ரிசால்வ் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை முடித்துவிட்டு மறுபடி அழித்தேன். அப்புறமும் இடம் கூடவில்லை. இந்த கிளீனர் நேரடியாக அழிக்காமல் ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புகிற ரகம். டி டிரைவ் ஃபைல்களுக்கான ரீசைக்கிள் பின்னும் டி டிரைவிலேயே இருக்கிறது. அதைக் காலி செய்ததும்தான் சிவப்புக் கோடு நீலமானது.

இப்போதெல்லாம் ப்ராஜெக்ட் திறந்திருக்கும்போதே ப்ளேபேக் மெனுவில் டிலீட் ரெண்டர் கேச், அன்யூஸ்ட் கொடுத்துவிடுகிறேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று ரிசால்வுக்கே தெரியும். ப்ராஜெக்டையே அழித்துவிட்டால் மட்டும் அதன் கேச் அநாதையாகக் கிடக்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். கேச் ஃபோல்டர்களின் பெயர் வெறும் எண்ணும் எழுத்துமாக இருக்கும். உள்ளே உள்ள இன்ஃபோ ஃபைலைத் திறந்தால் எந்த ப்ராஜெக்ட் என்று தெரியும். முடித்த வீடியோவை பென்டிரைவில் கொடுத்து, மீதிப் பணமும் வந்துவிட்ட கல்யாண வேலையின் கேச்சைத் தயங்காமல் அழிக்கலாம். பெண் வீட்டார் பிறகு வந்து “அந்தப் பாட்டை மட்டும் மாத்திக் கொடுங்க” என்றாலும் ஒரிஜினல் ஃபுட்டேஜும் ப்ராஜெக்டும் இருக்கிறவரை பிரச்சினை இல்லை. மறுபடி ரெண்டர் ஆகும் நேரம்தான் செலவு.